கேம் ஏற்றித் தர மாட்டேன், பூட்டைத் திறந்து தருவேன்

கோத்தகிரியில் என் கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: "இப்போது விற்பனையில் உள்ள கேம்கள் ஏற்றித் தரப்படாது." அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து, "அண்ணா, அது சும்மா ஒட்டி வெச்சதுதானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் நிறைய. சும்மா ஒட்டியதில்லை. பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் ஒரு படி மேலே போய்க் கேட்டார்: "ஜெயில்பிரேக் பண்றது நீ. டப்பாவைத் திறந்து விடறது நீ. கேம் மட்டும் ஏத்த மாட்டேன்னா இது என்னய்யா நியாயம்?" நல்ல கேள்விதான். (ஜெயில்பிரேக் என்றால், கம்பெனி ஒப்புக்கொண்டது மட்டும்தான் ஓட வேண்டும் என்று கேம் பெட்டிக்குள் வைத்த பூட்டைத் திறந்துவிடுவது.) ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பதில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் மிக்ஸி முதல் மொபைல் வரை எது வந்தாலும் பார்ப்பவன். கேம் கன்சோல், அதாவது கேம் விளையாடுவதற்கென்றே செய்த பெட்டி, அந்த வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குன்னூர், கூடலூர்ப் பக்கம் இதற்கென்று ஆள் கிடைக்காமல், கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறவர்களும் உண்டு. துணிப்பையில் சுற்றி, சீட்டில் போன் நம்பர் எழுதி, "டிஸ்க் எடுக்கலை" என்று ஒரு வரி. பெரும்பாலும் இதே வரிதான் வரும்.

சமவெளியில் கன்சோல் சூட்டில் சாகும். இங்கே ஈரத்தில் சாகும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அசல் மழை. அப்போது பனிமூட்டம் ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பிஎஸ் 2, அதன் மேல்மூடியைக் கழற்றி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் லென்ஸின் மேல் வெள்ளையாக நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருப்பது தெரியும். லென்ஸ் முன்னும் பின்னும் போகிற தண்டவாளத்தில் பழைய கிரீஸ் குளிரில் இறுகி மெழுகாகிக் கிடக்கும். லென்ஸை ஐசோபுரோப்பைல் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, கிரீஸை வழித்துப் புதிதாக வைத்தால் சில பிழைக்கும். பூஞ்சை லென்ஸின் பூச்சையே தின்றிருந்தால் பிழைக்காது. புது லென்ஸ் கோயமுத்தூரிலிருந்து வரவழைக்கலாம். அது எத்தனை நாள் உழைக்கும் என்பது அவரவர் ஜாதகம். டிஸ்க்கும் இதே கதிதான். மேலோட்டமான பூஞ்சை துடைத்தால் போகும். உள்ளே இருக்கும் மினுக்குப் படலம் வரை இறங்கிவிட்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரியும். அதோடு அந்த டிஸ்க்கின் கதை முடிந்தது.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி தன் பிஎஸ் 2 ஸ்லிம்மோடு வந்தான். அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது. கூடவே கிரிக்கெட் 07 ஒரிஜினல் டிஸ்க், உறை, கையேடு எல்லாம் பத்திரமாக. டிஸ்க் நன்றாக இருக்கிறது, லென்ஸ் போய்விட்டது. அவனுக்கு நான் செய்து கொடுத்தது இதுதான்: பிஎஸ் 2 ஆன் ஆகும்போது மெமரி கார்டில் ஏதாவது சிஸ்டம் அப்டேட் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். கம்பெனியே வைத்த வழி அது. 2008-இல் வந்த ஃப்ரீ எம்சி பூட் என்ற இலவச மென்பொருள் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. கடையில் ஏற்கெனவே திறந்து வைத்த ஒரு பிஎஸ் 2-வில் கார்டைத் தயார் செய்து, அவனுடைய டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கார்டைச் செருகினால் போதும். சால்டரிங் கிடையாது, சிப் கிடையாது. பிஎஸ் 2-வின் யுஎஸ்பி ரொம்பப் பழைய ரகம் என்பதால் கேமுக்கு நடுவே வரும் வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடும். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. (90000 வரிசை ஸ்லிம்களில் பிற்பாடு வந்தவற்றில் இந்தக் கார்டு வேலை செய்யாது. அவற்றுக்கு 2020-இல் சிடர்ட் என்ற புனைபெயர்க்காரர் வெளியிட்ட டிவிடி வழி இருக்கிறது, ஆனால் அதற்கு லென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அதனால் அதிகப் பிரயோஜனமில்லை.)

இதில் யார் வீட்டுச் சொத்து யாரிடம் போனது? கேமுக்கு அவன் அப்பா காசு கொடுத்திருக்கிறார். டப்பாவுக்கும் கொடுத்திருக்கிறார். நடுவில் ஒரு லென்ஸ் செத்தது, அவ்வளவுதான். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமல் இருக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. இந்தத் தம்பியின் கேஸ் அதற்கு வெகு பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் எல்லோரும் இந்தத் தம்பி இல்லை. உள்ளதைச் சொல்வதென்றால், பிஎஸ் 2 காலத்தில் இந்த மலையில் ஒரிஜினல் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கன்சோல் வாங்கும்போதே "சிப் போட்டதா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். பிளாஸ்டிக் உறையில், மங்கலான கலர் ஜெராக்ஸ் அட்டையோடு வந்த வைஸ் சிட்டியும் ரெஸ்லிங்கும்தான் எங்கள் ஊர் கேம் சென்டர்களை நடத்தின. ஒரு ஒரிஜினலின் விலைக்கு வீட்டுக்கு மாத அரிசி வாங்கிவிடலாம் என்ற நிலையில் தோட்டத்துப் பிள்ளைகளிடம் போய் நீதி பேசுவது எனக்கு வராது. அதே சமயம் அது நியாயம்தான் என்று வாதாடவும் வரமாட்டேன்.

என் சண்டை பூட்டோடுதான். முதல் பிளேஸ்டேஷனிலிருந்து சொல்கிறேன். 1994-இல் ஜப்பானில் வந்த அந்தப் பெட்டி டிஸ்க்கை எப்படி ஒரிஜினல் என்று கண்டுபிடித்தது தெரியுமா? டிஸ்க்கின் உள் ஓரத்தில், தகவல் ஆரம்பிக்கும் முன்னால், தடத்தையே லேசாக நெளியவிட்டு அதில் நாலு எழுத்தை ஒளித்து வைத்தார்கள். ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. வீட்டில் சிடி எழுதும் எந்த மெஷினாலும் அந்த நெளிவை எழுத முடியாது. அதனால் நகல் ஓடாது. 'சிப் போடுவது' என்று நாம் சொன்னதெல்லாம், அந்த நாலு எழுத்தை டிரைவுக்குப் பதிலாகத் தானே ஓதிவிடும் ஒரு துக்கடா சிப்பை போர்டில் சால்டர் செய்வதுதான். அழகான வேலை, இரண்டு பக்கமுமே.

இப்போது கவனியுங்கள். அதே நாலு எழுத்து நகலையும் தடுத்தது, ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை இங்கே போட்டால் அதையும் தடுத்தது, நீங்களே ஒரு நிரல் எழுதி டிஸ்க்கில் போட்டால் அதையும் தடுத்தது. மூன்றுக்கும் ஒரே பூட்டு. பீரோ, சமையலறை, வாசல் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வைத்து வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போகத் திறந்தவனைப் பார்த்து "பீரோவைத் திறந்துட்டான்" என்று கத்தினால் எப்படி? இருபது, முப்பது வருடமாக இந்த விவாதத்தில் நடப்பது இதுதான். ஒரு பக்கம் எல்லோரும் திருடர்கள் என்கிறது. இன்னொரு பக்கம் யாருமே திருடவில்லை என்கிறது. இரண்டையும் என்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடத்தான் முடிகிறது.

பிஎஸ் 3 கதையைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். 2006-இல் வந்தபோது அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளக் கம்பெனியே 'அதர் ஓஎஸ்' என்று ஒரு வழி வைத்திருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையாக வாங்கி அடுக்கினார்கள். அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ் 3-களைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. மூன்று வருடத்துக்கும் மேல் அந்தப் பெட்டியை யாரும் உடைக்கவில்லை. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் லினக்ஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டதாக அறிவித்தார். சோனி பயந்தது. ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட்டில் அதர் ஓஎஸ்ஸையே எடுத்துவிட்டது. அப்டேட் போட்டால் லினக்ஸ் போச்சு. போடாவிட்டால் ஆன்லைன் விளையாட்டு போச்சு. காசு கொடுத்து வாங்கிய ஒரு வசதி, வாங்கியவன் வீட்டு ஹாலிலேயே காணாமல் போனது.

அப்புறம் என்ன ஆச்சு? அதுவரை சும்மா இருந்தவர்களும் களத்தில் இறங்கினார்கள். அந்த ஆகஸ்டிலேயே யுஎஸ்பியில் செருகும் ஜெயில்பிரேக் குச்சி விற்பனைக்கு வந்துவிட்டது. டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில் ஓவர்ஃப்ளோ குழு மேடையேறி பூட்டின் கணக்கையே அவிழ்த்துக் காட்டியது. சோனி தன் மென்பொருளுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைப் பொறுக்க வேண்டும். அவர்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். இரண்டு கையெழுத்து கையில் கிடைத்தால், பள்ளிக்கூட அல்ஜீப்ரா தெரிந்தவன் ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். 2011 ஜனவரியில் ஹாட்ஸ் மூலச் சாவியை வெளியிட்டார், வழக்கு வந்தது, ஏப்ரலில் சமரசம் ஆனது. அந்த பெர்லின் மேடையில் அவர்கள் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம்: கன்சோல்களை முதலில் உடைப்பவர்கள் லினக்ஸோ சொந்த நிரலோ ஓட்ட நினைப்பவர்கள், திருட்டு கேம்காரர்கள் அவர்கள் பின்னால் வருகிறவர்கள். முதல் ஆளுக்கு நேர்வழி கொடுத்தால் இரண்டாவது ஆளுக்குக் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை.

மைக்ரோசாஃப்ட் இதைப் புரிந்துகொண்டது போலத்தான் தெரிகிறது. தங்கள் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 2016-இல் டெவலப்பர் மோடு கொண்டுவந்தார்கள். டெவலப்பராகப் பதிவு செய்துகொண்டால் கடையில் வாங்கிய சாதாரணப் பெட்டியிலேயே நீங்கள் எழுதியதை ஓட்டலாம். கேம் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனி. அந்தப் பெட்டியில் திருட்டு கேம் ஓடவில்லை, வருடக்கணக்கில். பூட்டும் பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் உடைக்க வேண்டும் என்ற ஆத்திரமும் அங்கே குறைவு.

ரிப்பேர் கடைக்காரனுக்கு இதே பூட்டால் வரும் தலைவலி தனி. எக்ஸ்பாக்ஸ் 360-இன் டிவிடி டிரைவ் கெட்டால், இன்னொரு பெட்டியிலிருந்து டிரைவைக் கழற்றி மாட்டினால் ஓடாது. ஒவ்வொரு டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு ரகசிய எண் ஜோடி. ஆகையால் பழைய டிரைவின் அடியிலிருக்கும் பச்சை போர்டைக் கழற்றி, மோட்டார் ஒயர்களையும் லென்ஸ் ரிப்பனையும் கிழியாமல் பிரித்து, அதைப் புது டிரைவின் உடம்பில் பொருத்த வேண்டும். பழைய போர்டே ஈரத்தில் பச்சை பிடித்துச் செத்திருந்தால்? நல்ல கன்சோல், நல்ல டிரைவ், இரண்டும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சேராது. பிஎஸ் 5 ஸ்லிம்முக்குத் தனியாக விற்கும் டிஸ்க் டிரைவைக்கூட முதல் தடவை இன்டர்நெட்டில் இணைத்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். அந்த சர்வரை ஒருநாள் அணைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் பதில் கிடையாது.

அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டத்தில் பூட்டை உடைப்பதே குற்றம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். 2012-இல் கன்சோலுக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2021-இல் டிஸ்க் டிரைவை ரிப்பேர் செய்ய மட்டும் கொடுத்தார்கள், வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி மாட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நம் நாட்டில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு வேறு மாதிரி. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. நோக்கம் என்ற சொல்லை உள்ளே வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, என்னைப் போன்றவர்களுக்கு உயிர்ச்சொல் அது. நான் வக்கீல் இல்லை. படித்துப் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

இனி என் அக்கா மகன். கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் கேம் கம்பெனியில் வேலை. ராத்திரி நேரங்களில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு மொபைல் கேம் செய்து குறைந்த விலைக்குப் போட்டான். வந்த வாரமே உடைத்த நகல் குரூப்களில் சுற்ற ஆரம்பித்தது. நகலில் ஒரு கோளாறு வந்தால்கூட அவனுக்கே வசவு மெசேஜ் வந்ததாம், "கேம் ஓப்பன் ஆகல ப்ரோ, சரி பண்ணுங்க" என்று. பொங்கலுக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க நல்லவர்தான். ஆனா திறந்து விட்டதுக்கப்புறம் உள்ள யார் போறாங்கன்னு நீங்க பாக்கறதில்ல."

"லென்ஸ் போனவன் போறான், மாப்ள."

"அவன் ஒருத்தன். அவன் பின்னாடி நூறு பேர். உங்க கார்டை வாங்கிட்டுப் போனவன் வீட்டுக்குப் போய் எதை ஏத்துவான்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

நெஞ்சைத் தொட்டால் அவன் சொல்வது சரி. பிஎஸ் 2 கார்டு வாங்கிப்போகிறவர்களில் சொந்த டிஸ்க்கை நகலெடுக்கச் சொல்கிறவர்கள் சிறுபான்மை. மீதிப் பேர் நெட்டில் இறக்குகிறார்கள். ஆனால் அவர்கள் இறக்கும் கேமை இன்று எங்கே போய் வாங்குவது? அவன் அம்மா பிரஷர் மாத்திரை எழுதி வைத்த சீட்டின் பின்பக்கத்தில் அவனுக்கு எழுதிக் காட்டினேன்: 2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை. 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோலுக்குமான நின்டெண்டோவின் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். பதிப்புரிமை மட்டும் எழுதியவர் காலமான பிறகும் 60 வருடம் நிற்கிறது. எங்கள் ஊர் ஈரத்தில் டிஸ்க் இருபது வருடம் தாங்கினால் பெரிய விஷயம். உரிமை இருக்கும்போது பொருள் இருக்காது என்றால் அந்த உரிமையை வைத்து யார் சம்பாதிக்கிறார்கள்?

"அது சரி மாமா, பழசுக்கு. ஸ்விட்ச்சுக்கு என்ன சொல்றீங்க?"

ஸ்விட்ச் நின்டெண்டோவின் கன்சோல், அதற்கான கேம்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அதனால் ஸ்விட்ச்சுக்கு நான் அவன் கட்சி. 2018 ஏப்ரலில் கேட் டெம்கின் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஃபியூசே ஜெலே என்ற ஓட்டை, ஸ்விட்ச்சின் டெக்ரா சிப்புக்குள்ளேயே பொறித்த நிரலில் இருந்தது. விற்றுவிட்ட பெட்டியில் எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியாது. வலதுபக்க ஜாய் கான் (கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்) செருகும் தடத்தில் ஒரு பின்னை ஷார்ட் செய்து ரெக்கவரிக்குள் போனால் கதை ஆரம்பம். அதன்மேல் கட்டிய அட்மாஸ்ஃபியர் என்ற மென்பொருள் இலவசம். திருட்டு கேமுக்கான ஒட்டுவேலைகளை அவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்ப்பதில்லை. அதே ஓட்டையை வைத்து டீம் எக்ஸிக்யூட்டர் என்ற கும்பல் எஸ்எக்ஸ் ஓஎஸ் என்று ஒன்றைக் காசுக்கு விற்றது, திருட்டு கேம் ஓட்டுவதற்கென்றே. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து: தங்கள் மென்பொருளை யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று அவர்களே உள்ளே ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். யாராவது நோண்டினால் கன்சோலையே பாஸ்வேர்டு போட்டு முடக்கிவிடும் நிரல்! அந்தக் கும்பலில் கேரி பவுசர் என்பவர் 2020-இல் பிடிபட்டு, 2022 பிப்ரவரியில் 40 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நின்டெண்டோவுக்குக் கட்ட வேண்டியது ஒரு கோடியே 45 லட்சம் டாலர். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்மேல் விழுந்த அந்தத் தொகை கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் செய்த வியாபாரம் வியாபாரமே இல்லை என்றும் தோன்றும்.

சீசனில் மேலே வந்த ஒரு குடும்பத்துப் பையன் புது ஸ்விட்ச்சை நீட்டி, "சிப் போட்டு எல்லா கேமும் போட்டுத் தாங்க, எவ்ளோ ஆனாலும் பரவால்ல" என்றான். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்பவன் கேமையே வாங்கலாமே! திருப்பி அனுப்பிவிட்டேன். கீழே இறங்கி எங்காவது போட்டிருப்பான். அது என் கணக்கில் வராது. கடைக்கு வரும் பிள்ளைகளிடம் இதில் நான் கறார் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஆனால் எதற்காக இவ்வளவு மெனக்கெட்டு 'பூட்டைத் திறப்பேன்' என்று நிற்கிறேன் என்பதற்கு லென்ஸ் மட்டும் காரணமில்லை. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், அவள் அண்ணனுடைய பிஎஸ்பியை, சோனியின் கையடக்கக் கன்சோலை, கொண்டுவந்தாள். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. (உங்களிடமும் பிஎஸ்பி கிடந்தால் இன்றே பின்மூடியைத் திறந்து பாருங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ வேண்டாம்.) வேறு பேட்டரி மாட்டி, மெமரி ஸ்டிக்குக்குப் பதில் மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டர் வைத்து, கஸ்டம் ஃபர்ம்வேர் (கம்பெனியுடையதுக்குப் பதிலாக வெளியார் மாற்றி எழுதிய, பூட்டில்லாத அடிப்படை மென்பொருள்) ஏற்றிக் கொடுத்தேன். "இதுல நாமளே எழுதினது ஓடுமா அண்ணா?" என்றாள். ஓடும், லுவா என்று ஒரு எளிய மொழி இருக்கிறது, அதை ஓட்டும் பிளேயர் பிஎஸ்பிக்கு ரொம்ப வருடமாகவே இருக்கிறது என்று காட்டினேன்.

அரைப் பரீட்சை முடிந்து வந்தவள் காட்டியது ஒரு பஸ் கேம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோடு. மேலிருந்து பார்க்கிற மாதிரி வளைவுகள், எதிரே லாரி, திடீரென்று குறுக்கே காட்டெருமை. காட்டெருமைக்கு ஹாரன் அடித்தால் நகராது. நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இந்த ஊர்க்காரி எழுதியது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆரம்பத் திரையில் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தாள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள். தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்கும் வேலை அந்தப் பிளேயருக்குத் தெரியாது. 'கோ'வின் இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஃபான்ட்டை மாற்றிப் பார்த்தாள், எழுத்துகளின் வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தாள். கடைசியில் ஊர்ப் பெயரை நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து, படமாகவே ஒட்டிவிட்டாள். அவள் கையெழுத்திலேயே 'கோத்தகிரி' என்று பிஎஸ்பி திரையில் வருகிறது.

கம்பெனியின் சட்டப்படி இந்தப் பஸ் ஓடவே கூடாது. பிஎஸ்பிக்குக் கேம் எழுத அந்தக் காலத்தில் ஒப்பந்தம் போட்ட கம்பெனியாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு டெவலப்மென்ட் கிட் யார் கொடுப்பார்கள்? அவள் யாருடைய எதையும் எடுக்கவில்லை. என்றாலும் பைரசிக்காரன் வருகிற அதே வழியில்தான் அவளும் வர வேண்டியிருக்கிறது. வேறு வழி கட்டவில்லை. இப்படிக் கம்பெனி அனுமதி இல்லாமல் சொந்தமாக எழுதி ஓட்டுவதைக் குறிக்கும் ஹோம்ப்ரூ என்ற சொல்லைச் சாக்குப்போக்காகப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம், தெரியும். இந்த மாதிரி ஒரு பஸ் வரும்போது அந்தச் சாக்குகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.

அக்கா மகன் அதை விளையாடிப் பார்த்தான். திரை ஒவ்வொரு முறை மாறும்போதும் பஸ்ஸை நகர்த்துகிறாள், அதனால் காட்சி கனமானால் பஸ்ஸும் மெதுவாகிறது, நேரத்தை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள் என்றான். அவளுக்குப் போனில் விளக்கினான், அரை மணி நேரம். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான். "நாளைக்கு இதையே அவ அம்பது ரூபாய்க்கு விக்கறா. எவனோ உங்ககிட்ட வந்து ஓசியில ஏத்திக் கேக்கறான். அப்ப?"

"அப்ப அவன் அட்டையைப் படிக்கட்டும். உன் கேமுக்கும் அதே அட்டைதான், அவ கேமுக்கும் அதே அட்டைதான்."

கடையடைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது பேச்சு பேரமாகிவிட்டது. விற்பனையும் சர்வீஸும் நிறுத்திவிட்ட கன்சோலின் சாவியைக் கம்பெனியே வெளியிட்டுவிட வேண்டும், அதுவரை பூட்டைத் தொட மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்கவும் தயார் என்றேன். கொள்கையளவில் அவனுக்கும் சம்மதம்தான். எப்போது என்பதில்தான் தகராறு. உதிரிபாகம் நிறுத்திய அன்றைக்கே என்கிறேன் நான். கடைசி கேம் விற்றதிலிருந்து பத்து வருடம் என்றான் அவன். பத்து வருடத்தில் லென்ஸ் என்ன, மதர்போர்டே பாசி பிடித்துவிடும், வந்து ஒரு மழைக்காலம் இங்கே இருந்து பார் என்றேன். ஏழு வரை இறங்கினான். ரிப்பேருக்கு மட்டும் உடனே, மற்றதற்கு ஏழு என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அப்படியென்றால் ரிப்பேருக்கும் மற்றதற்கும் முதலில் தனித்தனிப் பூட்டு போடச் சொல் உன் கம்பெனியை என்றேன்.